இருளின் நிறம் அறிந்த கண்கள்

நுழையும்முன்

மழை ஓய்ந்த இரவில் குளக்கரையிலிருந்து எழும் தவளைகளின் ஒலியைக் கேளாதவர் இலர். அவ்வொலியை எழுப்பும் உயிரி, அந்த இருளில் எதைக் காண்கிறது, எவ்வாறு காண்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. தாம் வாழும் இடத்தின் ஒளிக்கேற்பத் தவளைகளின் கண்கள் பெற்ற மாற்றங்களையும், அம்மாற்றங்களுக்கு அவை கொடுத்த விலையையும் இப்பாடம் விளக்குகிறது.

1876ஆம் ஆண்டு, உரோம் நகரில் பணியாற்றிய ஃபிரான்ஸ் போல் என்னும் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர், இருட்டறையில் வைத்திருந்த தவளையொன்றின் கண்ணிலிருந்து விழித்திரையைப் பிரித்தெடுத்தார். அது நன்கு சிவந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அச்சிவப்பு மங்கி, மஞ்சளாகி, பின்னர் நிறமே இல்லாமல் போயிற்று. வெயிலில் விடப்பட்ட தவளையின் விழித்திரையிலோ தொடக்கத்திலேயே சிவப்பு இல்லை. வெயிலில் இருந்த தவளையை மீண்டும் இருளில் வைத்திருந்து பார்த்தபோது அந்நிறம் திரும்பியிருந்தது. ஒளி பட்டால் அழிந்து, இருளில் மீண்டும் உருவாகும் பொருளொன்று கண்ணுக்குள் இருக்கிறது என்பதை இவ்வாய்வு காட்டியது. பிற்காலத்தில் ரோடாப்சின் என்று பெயர் பெற்ற நிறமி அதுவே. பார்வை ஒரு வேதிவினையில் தொடங்குகிறது என்னும் உண்மை இவ்வாறு தவளையின் கண்ணிலிருந்துதான் மனிதருக்குக் கிடைத்தது. அதனைக் கண்டறிந்த போல், மூன்றே ஆண்டுகளில், தமது முப்பதாம் வயதில் மறைந்தார்.

அவர் மற்றொன்றையும் கண்டிருந்தார். சிவந்த குச்சி செல்களுக்கு இடையிடையே பச்சை நிறக் குச்சி செல்களும் சில இருந்தன. அவை எதற்காக இருக்கின்றன என்பது அன்று விளங்கவில்லை. அதற்கு விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

இருவகைக் குச்சிகள்

முதுகெலும்புள்ள விலங்குகளின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகைப்படும். கூம்பு செல்கள் பகலொளியில் செயல்படுவன. குச்சி செல்கள் மங்கலான ஒளியில் செயல்படுவன. நிறத்தை அறிவதற்கு ஒருவகைச் செல் மட்டும் போதாது. வெவ்வேறு அலைநீளங்களை விரும்பி ஏற்கும் குறைந்தது இரண்டு வகைச் செல்கள் வேண்டும். அவை தரும் செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்தே நிறம் உணரப்படுகிறது. மனிதக் கண்ணில் மூவகைக் கூம்புகள் உள்ளன. குச்சியோ ஒரே வகைதான். ஆகவே, கூம்புகள் ஓய்ந்துவிடும் இருளில் நமக்கு ஒப்பிட ஏதுமில்லை. செம்பருத்தியும் அதன் இலையும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு சாயல்களாகவே தெரிகின்றன.

விண்மீன்களின் ஒளி மட்டுமே உள்ள இரவு, நண்பகலைவிட ஏறத்தாழப் பத்துக் கோடி மடங்கு மங்கலானது. ஆயினும் அங்கும் ஒளி இருக்கிறது. அவ்வொளியில் பல அலைநீளங்களும் இருக்கின்றன. இருளில் நிறம் தெரியாது என்பது மனிதக் கண்ணைப் பொறுத்த உண்மையே தவிர, எல்லாக் கண்களுக்கும் பொருந்தும் விதி அன்று. தவளைகளுக்கும் தேரைகளுக்கும் குச்சிகளே இருவகை. சிவப்புக் குச்சி ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. பச்சைக் குச்சி ஏறத்தாழ 430 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சுகிறது. (ஒரு பொருள் உறிஞ்சாமல் விடும் ஒளியே அதன் நிறமாக நமக்குத் தெரிவதால், பச்சையை உறிஞ்சுவது சிவப்பாகவும் நீலத்தை உறிஞ்சுவது பச்சையாகவும் காட்சியளிக்கின்றன. பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது.)

இருவகைக் குச்சிகள் இருப்பதால் இருளிலும் தவளைக்கு நிறம் தெரியலாம் என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. அவர்கள் மூன்று வகையான சூழல்களில் தவளைகளையும் தேரைகளையும் சோதித்தனர். இணையைத் தேடும்போது மங்கலொளியில் அவை நிறத்தைப் பொருட்படுத்தவில்லை. இரையைத் தேடும்போது ஓரளவு மங்கல்வரை நிறத்தைப் பயன்படுத்தி, இருள் மிகுந்ததும் விட்டுவிட்டன. ஆனால் அடைபட்ட இடத்திலிருந்து வெளியேற வழி தேடும்போது மட்டும், மனிதக் கண்ணுக்கு எதுவுமே புலப்படாத இருளிலும், ஏன், தவளையின் கண் ஒளியை உணரும் கடைசி எல்லையிலும் அவை நீலத்தையும் பச்சையையும் வேறுபடுத்தின. ஆற்றல் ஒன்று இருப்பதும், அதனை எப்போது பயன்படுத்துவது என்பதும் தனித்தனிச் செய்திகள் என்பதை இவ்வாய்வின் மூன்று முடிவுகளும் சேர்ந்து காட்டுகின்றன. தப்பிச் செல்லும் தவளைக்குத் திறந்த வானம் எது, புல்லடர்ந்த கரை எது என்பது உயிர்ச்சிக்கல் அன்றோ!

வெப்பம் எழுப்பும் இரைச்சல்

பச்சைக் குச்சியின் வரலாறு இன்னும் வியப்பானது. அதனுள் இருக்கும் நிறமி உண்மையில் குச்சிக்கு உரியதன்று, கூம்புக்கு உரியது. முதுகெலும்பிகளின் பழைய மூதாதைகளிடம் ஐந்து வகைப் பார்வை நிறமிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தவளையினம் இழந்தது, நான்கை வைத்துக்கொண்டது. அந்நான்கினுள் நீலத்தை உணரும் கூம்பு நிறமியொன்றைக் குச்சிக்குள் குடியேற்றியது. மனிதர் உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகளின் மரபிலோ அதே நீல நிறமி அடியோடு மறைந்துவிட்டது. நாம் இழந்த பொருளைத்தான் தவளை இருளைக் காணும் கருவியாக ஆக்கிக்கொண்டது.

இக்குடியேற்றத்தில் ஓர் இடர் இருந்தது. பார்வை நிறமியின் மூலக்கூறு ஒளி பட்டால் வடிவம் மாறும். அம்மாற்றமே நரம்புச் செய்தியாகிறது. ஆனால் ஒளியே படாதபோதும், உடலின் வெப்பத்தால் மூலக்கூறு எப்போதேனும் தானாக வடிவம் மாறிவிடுவதுண்டு. அச்செய்திக்கும் உண்மையான ஒளி தந்த செய்திக்கும் வேறுபாடு காணக் கண்ணால் இயலாது. அமைதியான அறையில் மெல்லிய குரலைக் கேட்க முயல்பவருக்கு இரைச்சல் எவ்வாறு இடையூறோ, இருளில் காண முயலும் கண்ணுக்கு இப்பொய்ச் செய்திகள் அவ்வாறு இடையூறு.

1980இல் தேரையின் குச்சி செல்களை ஆராய்ந்த அறிஞர்கள் இந்த இரைச்சலை அளந்தனர். ஒரு குச்சி செல்லில் ஏறத்தாழ 200 கோடி ரோடாப்சின் மூலக்கூறுகள் உள்ளன. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 50 வினாடிகளுக்கு ஒருமுறை தானாக மாறுகிறது. தனியொரு மூலக்கூற்றைக் கணக்கிட்டால், அது பொய் சொல்ல ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகும். அவ்வளவு அமைதியான பொருள் ரோடாப்சின்.

கூம்பு நிறமிகள் அவ்வாறல்ல. அவை இதனினும் பன்மடங்கு இரைச்சலிடுவன. பகலில் ஒளி வெள்ளமாக இருப்பதால் அது குறையாகத் தோன்றுவதில்லை. இருளுக்கோ அது பயன்படாது. அவ்வாறாயின் பச்சைக் குச்சி எவ்வாறு இருளில் செயல்படுகிறது? 2017இல் ஜப்பானிய அறிஞர்கள் இதற்கு விடை கண்டனர். தவளையின் நீல நிறமிப் புரதத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்த ஒரு மாற்றமே கூம்பு நிறமியின் இரைச்சலைக் குச்சி நிறமியின் அளவுக்கு அடக்கிவிட்டது. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் ஒரு கண்ணி மாறியதால் இருளில் நிறம் காணும் ஆற்றல் வாய்த்தது என்பது, பரிணாமம் எத்துணைச் சிறிய படிகளில் நடக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

தவளையின் உடல் குளிர்ந்திருப்பதும் இங்குத் துணை செய்கிறது. சுற்றுப்புறத்தின் வெப்பநிலை குறைந்தால் அதன் உடல் வெப்பமும் குறையும். நிறமியின் இரைச்சலும் குறையும். ஹெல்சிங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1988இல் இதனை நிறுவினர். புழுவைப் போன்ற பொம்மையை அசைத்துக்காட்டி, எவ்வளவு மங்கலான ஒளியில் தேரை அதனைக் கவ்வ முயல்கிறது என்று அவர்கள் பார்த்தனர். உடல் குளிரக் குளிர, கண்ணின் கூருணர்வு மிகுந்தது. ‘குளிர் இரத்த விலங்கு’ என்னும் சொல்லில் ஒரு தாழ்வு தொனிப்பதுண்டு. இருளில் காண்பதைப் பொறுத்தவரை வெப்ப இரத்தமே குறைபாடு.

தெரியுமா?

தவளை இரையை விழுங்கும்போது கண்களை மூடி, அவற்றை மண்டையோட்டின் உட்புறமாக இழுத்துக்கொள்கிறது. அவ்வாறு இழுக்கப்பட்ட கண்கள் வாயின் மேற்கூரையை அழுத்தி, இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. இவ்விழுப்பைத் தடுத்துப் பார்த்த ஆய்வில், தவளைகள் ஒரு பூச்சியை உட்கொள்ளக் கூடுதல் முறை விழுங்க வேண்டியதாயிற்று.

நீரிலிருந்து நிலத்திற்கு

தவளையின் வாழ்வில் ஒளிச்சூழல் ஒருமுறை அடியோடு மாறுகிறது. தலைப்பிரட்டை நீருக்குள் வாழ்கிறது. வளர்ந்த தவளை காற்றில் வாழ்கிறது. குளத்து நீரில் மட்கிய இலைகளின் சாறும் பாசியும் கலந்திருப்பதால், நீலமும் பச்சையும் விரைவில் உறிஞ்சப்பட்டு, சிவப்பை ஒட்டிய ஒளியே ஆழத்தில் எஞ்சுகிறது. கலங்கிய குளத்தின் அடியிலிருந்து பார்ப்பவருக்கு உலகம் தேநீர் நிறமாகத் தெரியும் எனலாம்.

பார்வையின் வேதியியலுக்காக 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜார்ஜ் வால்ட், வட அமெரிக்கக் காளைத் தவளையை 1940களில் ஆராய்ந்தார். அதன் தலைப்பிரட்டையின் கண்ணில் ரோடாப்சின் மிகக் குறைவாகவும், போர்பைராப்சின் என்னும் வேறொரு நிறமி மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார். இரண்டிலும் புரதம் ஒன்றே. அதனுடன் சேரும் வைட்டமின் ஏ-யின் வகை மட்டும் வேறு. இச்சிறு வேற்றுமையால் நிறமி உறிஞ்சும் ஒளி, சிவப்பின் பக்கமாக ஏறத்தாழ 20 நானோமீட்டர் நகர்கிறது. வால் சுருங்கிக் கால் முளைத்து உருமாறும் நாள்களில், கண்ணுக்குள்ளும் போர்பைராப்சின் குறைந்து ரோடாப்சின் பெருகுகிறது. கரையேறுமுன்பே கரைக்குரிய கண் ஆயத்தமாகிறது.

ஆனால் காளைத் தவளையில் அம்மாற்றம் முழுமையானதன்று. 1971இல் வால்டும் அவருடைய குழுவினரும், வளர்ந்த காளைத் தவளையின் விழித்திரையைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தபோது, அதன் மேற்பகுதியில் மட்டும் போர்பைராப்சின் நிலைத்திருப்பதைக் கண்டனர். கண்ணின் வில்லை காட்சியைத் தலைகீழாக விழச்செய்வதால், விழித்திரையின் மேற்பகுதி கீழே உள்ளவற்றைக் காண்கிறது. கீழ்ப்பகுதி மேலே உள்ளவற்றைக் காண்கிறது. காளைத் தவளை பெரும்பாலும் உடலை நீரில் அமிழ்த்தி, கண்களை மட்டும் நீர்மட்டத்தில் வைத்துக் காத்திருக்கும் இயல்பினது. அதன் ஒரே கண், நீருக்கு ஒரு நிறமியும் வானுக்கு ஒரு நிறமியுமாகப் பிரிந்து நிற்கிறது. இம்மாற்றத்தைச் செய்யும் நொதியும் 2015இல் அடையாளம் காணப்பட்டது.

இவ்வளவு பயனுள்ள போர்பைராப்சினை விழித்திரை முழுவதும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். சிவப்பின் பக்கம் நகரும் நிறமி, வெப்பத்தாலும் எளிதில் தூண்டப்படுகிறது. காளைத் தவளையிலேயே போர்பைராப்சின் உள்ள குச்சிகள் ரோடாப்சின் உள்ளவற்றைவிட மிகுந்த இரைச்சல் உடையவை என்று அளந்து காட்டப்பட்டுள்ளது. கலங்கல் நீரில் காண விரும்பினால், கூரிய இருள்நோக்கை ஓரளவு இழக்கத்தான் வேண்டும். தேவைப்படும் இடத்தில் மட்டும் அவ்விழப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது அத்தவளை.

பகலுக்கு வந்தவை

உலகில் 7000க்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இரவில் இயங்குபவை. ஒருசில மரபுகள் மட்டும் பகலுக்கு இடம்பெயர்ந்தன.

நடு அமெரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய பகுதிகளின் மழைக்காடுகளில் வாழும் நச்சு அம்புத் தவளைகள் அத்தகையன. நஞ்சு கொண்ட தோல் அவற்றுக்குக் காவல். கண்ணைப் பறிக்கும் நிறம் அந்நஞ்சின் அறிவிப்பு. பனாமா நாட்டின் போகாஸ் டெல் டோரோ தீவுகளில் ஒரே இனத் தவளை ஒரு தீவில் சிவப்பாகவும் மற்றொன்றில் நீலமாகவும் வேறொன்றில் பச்சையாகவும் காணப்படுகிறது. இவற்றின் நிறம் பகைவரை எச்சரிப்பதற்கு மட்டும் உரியதன்று. இணையைத் தேர்வதிலும் பெண் தவளைகள் அதனைக் கருதுகின்றன. எனவே இங்குக் கூம்பு செல்களே முதன்மை பெறுகின்றன. பகலில் இயங்குவனவற்றின் விழிவில்லையும் மாறியுள்ளது. இரவுத் தவளைகள் பலவற்றின் வில்லை புறஊதாக் கதிர்களை விழித்திரைவரை செல்லவிடுகிறது. கிடைக்கும் ஒளியில் ஒரு துளியையும் வீணாக்க அவற்றுக்கு விருப்பமில்லை. பகல் தவளைகளின் வில்லையோ அக்கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. குறுகிய அலைநீள ஒளி கண்ணுக்குள் சிதறிக் காட்சியை மங்கச் செய்யும் என்பதால், ஒளி மிகுந்த இடத்தில் தடுப்பதே நன்மை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் நடனத் தவளைகளும் பகலில் இயங்குபவை. பாறையில் மோதிப் பாயும் நீரின் ஓசையில் அவற்றின் குரல் கரைந்துவிடும். ஆகவே ஆண் தவளை பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்து, இடைச் சவ்வைக் காட்டி அசைக்கிறது. காதுக்குச் சொல்ல முடியாததைக் கண்ணுக்குச் சொல்லும் இவ்வழக்கம் பகலொளி இருந்தால்தான் இயலும்.

மண்ணுக்குள் சென்றவை

உடலின் அளவோடு ஒப்பிட்டால், தவளைகளின் கண்கள் பெரும்பாலான முதுகெலும்பிகளின் கண்களைவிடப் பெரியவை. 55 தவளைக் குடும்பங்களிலிருந்தும் 220 இனங்களை எடுத்து அளந்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. மரத்தில் வாழ்வனவற்றுக்குக் கண்கள் பெரியவை. கிளைக்குக் கிளை தாவுவதற்குத் தொலைவை இருளில் அளந்தறிய வேண்டுமல்லவா! மண்ணுக்குள் வாழ்வனவற்றுக்கும், முழுவதும் நீரிலேயே வாழ்வனவற்றுக்கும் கண்கள் சிறியவை. கண்ணும், அது தரும் செய்தியைக் கையாளும் மூளையும் மிகுந்த ஆற்றலைச் செலவிடும் உறுப்புகள். பயன் குறைந்த இடத்தில் அச்செலவை உடல் குறைத்துக்கொள்கிறது.

இதற்கு அருகிலேயே சான்று உண்டு. 2003இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கிறது. கறையான்களைத் தின்று வாழும் அது, பருவமழையின் தொடக்கத்தில் இனப்பெருக்கத்திற்காகச் சில நாள்கள் மட்டும் வெளிவருகிறது. உப்பிய உடலில் அதன் கண்கள் சிறு புள்ளிகளாகவே தோன்றுகின்றன. அதன் நெருங்கிய உறவான மற்றோர் இனம், தமிழ்நாட்டில் திருவில்லிபுத்தூரை அடுத்த மலைச்சரிவிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்டது.

எல்லாவற்றையும் ஒளியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று கருதுவதும் பிழை. தவளைகளின் கண்பாவை கிடைக்கோடாகவும் செங்குத்தாகவும் வட்டமாகவும் முக்கோணமாகவும் பல வடிவங்களில் அமைந்துள்ளது. செங்குத்துப் பாவை இரவு வாழ்வுக்குரியது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களை ஒப்பிட்ட அண்மை ஆய்வில் அத்தொடர்பு உறுதிப்படவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழ்வனவற்றுக்கு வட்டமான பாவை மிகுதி என்பதே தெளிவாகத் தெரிந்தது. பாவை ஏன் இத்தனை வடிவங்கள் கொண்டது என்னும் வினா இன்னும் திறந்தே உள்ளது.

புதிய ஒளி

மேற்கூறிய மாற்றங்கள் நிகழக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. மின்விளக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. குளக்கரைச் சாலையில் நடப்பட்ட ஒரு விளக்கு, அக்குளத்தின் இரவை நிலவொளியைவிடப் பன்மடங்கு வெளிச்சமாக்குகிறது. ஒற்றை ஒளித்துகளுக்கும் விடையளிக்கும்படி அமைந்த குச்சி செல், அவ்வெளிச்சத்தில் தன் கூருணர்வை இழக்கிறது. கண் பழைய கூருணர்வைப் பெறுவதற்குச் சில நிமிடங்கள் முதல் மணிக்கணக்கான நேரம் வரை தேவைப்படுகிறது.

மழைக்கால இரவில் சாலையைக் கடக்கும் தவளை, வண்டியின் முகப்பு விளக்கொளி பட்டதும் அசையாமல் அமர்ந்துவிடுவதைப் பலர் கண்டிருப்பர். வண்டி கடந்து சென்ற பின்னும் அதன் கண்ணுக்கு இருள் உடனே திரும்புவதில்லை. ஈரமான சாலையும், அப்பால் உள்ள புல்லும், அதற்கும் அப்பால் உள்ள நீரும் மறுபடி புலப்படும்வரை அது காத்திருக்கிறது. பெரும்பாலும் அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடுகிறது.